விமான டேங்கில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி

எங்கள் ஊர் காரியாபட்டிப் பக்கம். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், வற்றிக் கிடந்த எங்கள் கண்மாயில் ஒரு சின்ன விமானம் இறங்கியது. ஓட்டி வந்தவர் மதுரைக்குப் போக வேண்டியவராம். மேகத்தில் வழி தவறி வெகுநேரம் சுற்றிவிட்டு, காய்ந்த தரையைக் கண்டதும் இறக்கிவிட்டார். எங்கள் வீட்டில்தான் மோர் குடித்தார். மேகம் கலைந்ததும் கிளம்பத் தயாரானவர், என்னிடம், “பாப்பா, ஊரை ஒரு சுத்து சுத்திக் காட்டவா?” என்றார்.

அம்மா தலையாட்டியதே பெரிய அதிசயம். தீபாவளிப் பாவாடையை உடுத்திக்கொண்டு ஓடி வந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தும்விட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கீழே நின்றார்கள்.

அப்போதுதான் தாய்மாமா வேனில் வந்து சேர்ந்தார். சிவகாசிப் பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அவருடையது. அந்த வேனின் எண்ணெய் முள் என்றைக்கும் முழு டேங்க் என்றே காட்டும். அதனால் தினமும் டேங்குக்குள் விளக்குமாற்றுக் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, சாமி கும்பிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

“எண்ணெய் இருக்கா சார்?”

“முள்ளு அரை டேங்க் காட்டுது அண்ணாச்சி.”

“முள்ளு காட்டும். ஒரு குச்சிய விட்டுப் பாத்துருவமா?”

“இது உங்க வேன் இல்ல,” என்று விமானக்காரர் சிரித்தார்.

“அதான் சார் சொல்லுதேன். என் வண்டி நின்னா அம்புட்டுப் பேரும் இறங்கித் தள்ளிருவாக. அங்கன மேல நின்னா யாரு இறங்குவா?”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இறக்கை மேலிருந்த மூடியைத் திறந்துவிட்டார். மாமா குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் நகக்கண் அளவுதான் ஈரம். மறு இறக்கையிலும் அப்படியே. விமானக்காரர் குச்சியை வாங்கித் தானே விட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா என்னைத் தூக்கி இறக்கினார். நான் அவர் கையைக் கடித்தேன்.

“ஒன்னைய ஏத்தலன்னு ஒனக்குப் பொறாம மாமா!”

விமானக்காரர் செல்போனில் பேசினார். மறுநாள் மதுரையிலிருந்து எண்ணெய் வந்தது. விமானம் என்னை விட்டுவிட்டுப் பறந்து போனது. ஒரு மாதம் நான் மாமாவோடு பேசவில்லை.

இன்று எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு காலையும் மாரியாத்தாளுக்கும் மாமாவுக்கும் சேர்த்தே கை கூப்புகிறேன். அன்று என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தவர், வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். வாய் ‘மாரியாத்தா, மாரியாத்தா’ என்று ஓயாமல் முணுமுணுத்தது. என் சவாரியைக் கெடுத்த குற்றத்துக்குத்தான் பயப்படுகிறார், நன்றாகப் பயப்படட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.