ஓகர் இறங்காத இடம்

பச்சை

வரைபடத்தில் கடைசிப் பச்சையையும் பூசிவிட்டுத் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். இராசையா சேர் வந்து பின்னால் நின்றார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இந்தச் சரிவு முழுக்கப் பச்சையோ?"

"நீங்க தந்த ஷீட்ல எல்லாம் ஆழமான மண்ணுன்னுதானே சேர் இருக்கு. ஆழமான மண்ணுக்குப் பச்சை."

"ஓம், ஓம். அது சரி. ஆனா எனக்கு மனம் ஒப்பேல்லை."

இது எழுபதுகளில் நடந்தது. கொழும்பில் ஓர் அரசாங்க மண் ஆய்வுப் பிரிவில் நான் படம் வரையும் ட்ராஃப்ட்ஸ்வுமன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். மண் என்றால் எனக்குத் தெரிந்தது மாதா கோயில் வாசலில் உள்ள பூச்சாடி மண்தான். இராசையா சேர் யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளவத்தையில் வீடு. தினமும் கடற்கரை ரயிலில் வருவார், மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும். எங்கள் பிரிவின் மூத்த சர்வேயர் அவர்தான். என்னுடைய கொழும்புத் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவருடைய தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். அந்தக் கணக்கு எங்களுக்குள் சரியாகவே இருந்தது.

அந்தப் படம் மாத்தளைக்கு அப்பால் உள்ள மலைத்தொடரின் ஒரு காட்டுச் சரிவு. காட்டை வெட்டி, காணியில்லாத குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் திட்டம். நாங்கள் பச்சை என்று சொன்னால் மரங்கள் விழும். அரசாங்கத்தின் காணிப் பகுதி அதிகாரிகள் எங்கள் படத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"அந்த மலை குவார்ட்சைட், பிள்ளை," என்றார் சேர். "ஒரு காலத்தில மணற்கல்லா இருந்தது, பூமிக்குள்ள வெந்து இறுகினது. அது லேசில மண்ணாகாது. அதுக்கு மேல நாலடி மண் எங்கால வந்தது? அளந்தவன் நான்தான், ஆனா நானே நம்பேல்லை. நாங்கள் திரும்பப் போவம். நீரும் வாரும். நிறம் பூசுற ஆள் இடத்தைப் பாக்க வேணும்."

அம்மா ஜெபமாலையும் ஒரு தைலப் போத்தலும் தந்து அனுப்பினார். நான் என்னவோ போருக்குப் போவது போல.

விழுந்த மரம்

நான் நினைத்து வந்த காடு அதுவல்ல. மரங்கள் அவ்வளவு உயரமில்லை. முறுக்கிப் பிழிந்த சேலை போல வளைந்து நின்றன. எல்லாவற்றிலும் பாசி. எங்கே காதை வைத்தாலும் தண்ணீர் ஓடும் சத்தம், ஆனால் தண்ணீரைக் காணவில்லை. அட்டைகள் மட்டும் தாராளம். அவை ஏறாமலிருக்கக் காலுறைக்கு மேல் சவுக்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன். அப்படியும் ஒன்றிரண்டு என்னை விரும்பி வந்தன.

எங்களோடு வந்தவர் குணபால, பிரிவின் தொழிலாளி. ஓகரைத் திருகுவது அவர் வேலை. ஓகர் என்பது மண்ணைத் துளைத்து மேலே எடுக்கும் திருகு இரும்பு. அது எவ்வளவு ஆழம் போகிறதோ அதுதான் மண்ணின் ஆழம் என்று எழுதுவோம்.

குணபால முதல் இடத்தில் திருகினார். டங் என்று கல்லில் முட்டியது. வெளியே எடுத்து, ஓரடி தள்ளிப் போட்டார். அங்கேயும் டங். இன்னும் கொஞ்சம் தள்ளினார். இந்த முறை ஓகர் வழுக்கிக்கொண்டு கைப்பிடி வரை உள்ளே போனது. "ஹரி!" என்றார் குணபால, சரி என்று. சேர் நாலடி என்று எழுதினார்.

அப்படித் தள்ளிப் போடுவதில் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கல்லில் குத்தினால் ஓகரின் முனை மழுங்கும், ஸ்டோர்காரருக்கு யார் பதில் சொல்வது? முட்டினால் தள்ளிப் போடு, இறங்கினால் எழுது. அவ்வளவுதான் வழக்கம்.

கொஞ்சம் கீழே இறங்கினோம். காற்றில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதன் வேர்ப்பகுதி முழுவதும் கிளம்பி, பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தது போல ஆளுயரத்துக்கு நின்றது. அடியில் ஆழமாகப் போன வேர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பக்கவாட்டில் பின்னி, கல்லும் மண்ணும் சேர்ந்த ஒரு சாண் கனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது கிளம்பிய இடத்தில் பாறை, சீனி கொட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தது.

சேர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ஓகர் நாலடி இறங்கிய இடத்துக்கு ஏறிப் போய், சுற்றித் தோண்டச் சொன்னார்.

குணபால மண்வெட்டியால் வெட்டி, அலவாங்கு என்ற கடப்பாரையால் கிளப்பினார். ஒரு சாண் கறுப்பு மண். அதற்குக் கீழே இந்தப் பக்கமும் பாறை, அந்தப் பக்கமும் பாறை. நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெடிப்பு. எங்கள் ஓகர் துளை அந்த வெடிப்புக்குள் அழகாக இறங்கியிருந்தது.

"ஒக்கோம கல், மாத்தயா," என்று சிரித்தார் குணபால. எல்லாம் கல்தான் ஐயா என்று. சேரும் சிரித்தார். சிரித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கல்லு முட்டின இடமெல்லாத்தையும் விட்டுப்போட்டு வெடிப்புகளையே தேடித் தேடி அளந்திருக்கிறம், பிள்ளை. வெடிப்பை அளந்துபோட்டு மலையெண்டு எழுதியிருக்கிறம்."

"அப்ப இவ்வளவு காடு எதுல சேர் நிக்குது?"

"அந்த ஒரு சாணிலதான். இலை விழ விழ வேர் பிடிச்சுத் தின்னுது, மழைக்குக் குடுக்கிறதில்லை. மரம் இருக்கிறதாலதான் இந்த மண்ணே இஞ்ச நிக்குது. வெட்டினா ரெண்டு மாரிக்குத் தாங்காது. பாவம், காணியெண்டு சொல்லி அந்தச் சனத்துக்குக் கல்லைக் குடுக்கப் பாத்தம்."

நான் அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாதி கூழாங்கல், பாதி மக்கிய இலை. இதை வைத்துக்கொண்டு ஒரு மலை முழுவதும் குடும்பம் நடத்துகிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கிருந்த மிச்ச நாட்களில் முட்டிய இடங்களையும் ஒன்று விடாமல் எழுதினோம்.

யாருடைய பிழை

கொழும்புக்குத் திரும்பியதும் காணிப் பகுதி அதிகாரி படத்தை வாங்க வந்தார். பம்பலப்பிட்டிக்காரர், கழுத்தில் டை. சேர் விஷயத்தைச் சொன்னார்.

"என்ன மிஸ்டர் இராசையா இது? ஆழமான மண் எண்டு மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. இப்ப என்னத்தைச் சொல்லுறது?"

"கல்லெண்டு சொல்லுங்கோ."

அவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, காட்டை விட்டுடுவம். ஆனா உங்கட பேர் கெடக்கூடாது. ப்ரமோஷன் வாற நேரம். ட்ராஃப்டிங் மிஸ்டேக் எண்டு ஒரு வரி எழுதுங்கோ. நிறம் மாறிப் போச்சு எண்டு. அந்தப் பிள்ளை டெம்பரரிதானே?"

அந்தப் பிள்ளையான நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை முடிந்து, வீடு என் சம்பளத்தில் ஓடிய காலம். சேர் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் என் வேலை போய்விடும். மலையும் தப்பும், அவரும் தப்புவார்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ பூசின பச்சை சரியான பச்சை. நான் எழுதின மண்தான் பிழை. ஓகரைத் தள்ளித் தள்ளிப் போட்டு அளந்தவன் நான். அப்பிடித்தான் எழுதுவன்."

"அப்ப ப்ரமோஷன்?"

"அதுவும் கல்லில முட்டிற்றுது எண்டு வையுங்கோவன்."

அதிகாரி போன பிறகு சேர் என் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? புதுப் படத்தைத் தொடங்கும்." நான் முகம் கழுவப் போவது போல எழுந்து போய் நன்றாக அழுதேன். அப்படி ஒரு மனிதரின் கீழ் வேலை செய்தேன் என்ற பெருமை இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

புதுப் படத்தில் அந்தச் சரிவுக்கு மண்ணிறம் பூசி, கல்லுக்கு அடையாளமாகச் சின்னச் சின்ன முக்கோணங்களைக் கையால் போட்டேன். விரல் மரத்துப் போனது. காடு தப்பியது. அந்தக் குடும்பங்களுக்கு அடிவாரத்தில் காணி கிடைத்தது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. சேர் அதே கதிரையில் இருந்து ஓய்வு பெற்றார், அதே குடையோடு.

நான் பிறகு படம் வரையும் பகுதிக்குப் பொறுப்பாளரானேன். இளம் சர்வேயர்கள் அழகான ஷீட்டுகளோடு வருவார்கள். ஓகர் எல்லா இடத்திலும் சொன்னபடி கேட்டு இறங்கியிருக்கும்.

"முட்டின இடமெல்லாம் எங்க தம்பி?" என்று கேட்பேன்.

"அதை எழுதேல்ல மிஸ். தள்ளிப் போட்டம்."

"அப்ப திரும்பிப் போய் முட்டிட்டு வாங்க. அதுக்குப் பிறகு கலர் பூசுறேன்."