ஆங்கிள் இரும்பில் ஒரு பெருமாள் வண்டி

திருப்பதிக்கு நடந்து போகிற மற்ற ஊர்க்காரர்கள் மூங்கிலும் தெர்மாகோலும் வைத்து ஒட்டிய சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு போவார்கள். குழந்தை தள்ளினாலும் ஓடும். நாங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்காரர்கள். மூங்கிலைப் பார்த்தால் எங்களுக்கு நம்பிக்கை வராது. எங்கள் பெருமாள் வண்டி ஆங்கிள் இரும்பில் செய்தது. கோபுரம் எஃகுத் தகடு. புயல் அடித்தால் நாங்கள் பறந்துவிடுவோம், வண்டி அங்கேயே நிற்கும்.

செய்தவர் எங்கள் தொழிற்சாலை வெல்டர். போன வருடம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டார். இவள் எழுந்து நடந்தால், என் கையால் செய்த வண்டியில் பெருமாளை மலையடிவாரம் அலிபிரி வரைக்கும் கொண்டுவருவேன், எந்த வாகனத்திலும் ஏற்ற மாட்டேன் என்று. அந்த அம்மாள் எழுந்தார், நடந்தார். புரட்டாசி பிறந்ததும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கிளம்பியும் விட்டார். பெருமாள் தன் பங்கை முடித்துவிட்டார். பாக்கி எங்களுடையது.

அவர்கள் இருவரையும் என்னையும் தவிர, கூட வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிரேன் ஓட்டுபவர். இன்னொருவர் திருவள்ளூர் டவுனிலிருந்து தினமும் வந்து போகும் பர்ச்சேஸ் குமாஸ்தா. அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமப்பார்கள். இவர் மட்டும் பி.காம். படித்துத் தப்பித்துக்கொண்டவர்.

நான் தரக் கட்டுப்பாடு. வண்டியைச் சோதித்து ஒப்புதல் கொடுத்தது நான்தான். எடைக்காக அதன்மேல் இரும்புத் துண்டுகளை அடுக்கி, எங்கள் ஷெட் தரையில் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. அந்தத் தரை கண்ணாடி போல வழவழவென்று பூசப்பட்டது என்பதும், திருப்பதி வரைக்கும் யாரும் அப்படிப் பூசி வைக்கவில்லை என்பதும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சக்கரங்கள் ஷெட்டுக்குள் ஓடும் டிராலியிலிருந்து கழற்றியவை.

புதுவாயலில் திரும்பிப் பெரியபாளையம் போகும் வழியிலேயே சக்கரம் பேச ஆரம்பித்தது. ஊத்துக்கோட்டையில் அழுதது. நடைப் பயணத்தில் எல்லாரையும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும், கெட்ட வார்த்தை கூடாது. ஆகவே திட்டுவதையும் மரியாதையாகவே திட்ட வேண்டியிருந்தது.

“இதுக்கு ஓகே குத்தினது யாரு சாமி?” என்றார் கிரேன்காரர், தள்ளிக்கொண்டே.

“நான்தான் சாமி.”

“நல்லா இருப்பீங்க சாமி. ரொம்ப நல்லா இருப்பீங்க.”

எல்லாரும் வெறுங்காலோடு வர, நான் மட்டும் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தேன். அது பக்தியில் சேர்த்தியா என்று வெல்டரின் மனைவி கேட்டார். குளிருக்கு என்றேன். தார் ரோட்டில் அப்பளம் பொரிக்கலாம் போல வெயில். அந்த அம்மாள் “கோவிந்தா” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

நாகலாபுரம் தாண்டியதும் சக்கரத்தின் ரப்பர் மேல்தோல் கொதித்து உரிந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி ஓட்டினோம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்குப் பேர்போன புத்தூரைக் கடக்கும்போது, குமாஸ்தா தன் கொப்புளக் காலைப் பார்த்து, “இங்கியே உட்டுட்டுப் போங்க சாமி, முட்டி வரிக்கும் கட்டு போட்டுக்கினு வரேன்” என்றார்.

மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், நட்ட நடு மத்தியானத்தில், முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் உடைந்தன. வண்டி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டது. போல்ட் போட்டிருந்தாலாவது பிரித்துத் தூக்கலாம். வெல்டர் எல்லாவற்றையும் பற்றவைத்திருந்தார்.

பின்னால் வந்த காலி மினி லாரி நின்றது. “டப்பு வேணாம் நைனா. அலிபிரில இறக்கி உடறேன், ஏத்துங்க” என்றார் டிரைவர். நல்ல மனிதர். சிரமமே அதுதான், கெட்டவனாக இருந்தால் மறுப்பது சுலபம்.

வெல்டர் வண்டியை விட்டு நகரவில்லை. “ஏத்தினா நான் சொன்ன சொல்லு போச்சு” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

“அதுக்காக இங்கியே குடித்தனம் பண்ண முடியுமா?” என்றார் மனைவி. ஆனால் லாரியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்த குமாஸ்தா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இன்னா சாமி எல்லாரும் பேஜாரா நிக்கிறீங்க? பெருமாள் சக்கரத்துல போறது தேர் அன்னிக்கு ஒரு நாளு. மிச்ச நாளெல்லாம் தோள்லதான போறாரு? நீங்க சக்கரத்துக்கா வேண்டிக்கினீங்க?”

டீக்கடைப் பந்தலிலிருந்து கொம்பு கேட்டு வாங்கினோம். இரண்டு மூங்கில். ஆமாம், மூங்கில்தான். லாரி டிரைவர், சுமை கட்டும் தன் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். குமாஸ்தா எங்களை உயரம் பார்த்து நிறுத்தினார். நான் எல்லாரையும் விடக் குள்ளம் என்பது அத்தனை பேர் முன்னால் அறிவிக்கப்பட்டது. என் தோளில் இரண்டு துண்டுகளை மடித்து வைத்து மட்டம் சரிசெய்தார்கள்.

“சின்னச் சின்ன அடியா வைங்க. அவசரப்படாதீங்க. அவரு எங்கியும் ஓடிப்போவ மாட்டாரு.”

தூக்கினோம். கனம் என்றால் கனம். நான் ஒப்புதல் கொடுத்த ஒவ்வொரு ஆங்கிளும் தனித்தனியாகத் தோளில் பேசியது. வெல்டரின் மனைவி முன்னால் போய்க் கோவிந்தா சொல்லிக் கூட்டத்தை விலக்கினார். ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தைக்கு மூச்சு பிடிக்காமல் கிடந்தவர். அந்தக் குரலுக்கு பஸ்களே ஒதுங்கின. மற்ற ஊர்க்காரர்கள் வந்து மாற்றுத் தோள் கொடுத்தார்கள். எங்களில் மற்ற மூன்று பேரும் மாறி மாறி ஓய்வெடுத்தார்கள். நான் மட்டும் மாறவில்லை. வீரம் என்று சொல்லிக்கொள்கிறேன். என் உயரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

அலிபிரியில், படிக்கட்டுக்கு முன்னால் இறக்கினோம். வெல்டர் கோபுரத் தகட்டில் கையை வைத்தபடியே நின்றார், கைக்குத் துணிகூடச் சுற்றாமல், அந்தச் சூட்டில். மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“என்னைத் தூக்கினு வந்திருந்தாகூட இவ்ளோ கனம் இருந்திருக்காதுய்யா” என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் எத்தனையோ சரக்குக்கு நான் முத்திரை குத்தியிருக்கிறேன். ஒன்றையும் என் தோளில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. வலது தோளில் மூங்கில் அழுத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. யாராவது கேட்டால் சட்டையை விலக்கிக் காட்டுகிறேன். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுகிறேன்.