ஃபூசன் பனி அரங்கில் தட்டிய கை

ஜெர்மனியின் தென்கோடியில் இருக்கும் ஃபூசனுக்குப் போகிறவர்கள் கோட்டை பார்க்கத்தான் போவார்கள். நான் 2007 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போனது பெண்கள் ஐஸ் ஹாக்கி பார்க்க. எர்லாங்கனில் என் பக்கத்து வீட்டு மன்னார்க்காரர் ஸ்டெல்லா அக்கா. அவர் மகள் ஷாமினி கோல்கீப்பர். ஜெர்மன் இளம்பெண்கள் அணிக்கு ஒரே ஒரு கோல்கீப்பர் இடம்தான் பாக்கி. அதற்கு அன்று இரண்டு பேரைச் சோதித்தார்கள். ஷாமினிக்கு வயதுக் கணக்கில் அதுவே கடைசி வாய்ப்பு.

ஷாமினி முதல் நாளே அணியோடு போய்விட்டாள். அக்காவும் நானும் காலை 6.10க்குக் கிளம்பி, நூரன்பெர்க்கிலும் ஆக்ஸ்பர்க்கிலும் ரயில் மாறி, 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சுமார் 270 கிலோமீட்டர். ஐந்து பேர் வரை போகலாம் என்ற 27 யூரோ டிக்கெட்டில் இரண்டே பேர். அரங்கத்துக்குள் வெளியே இருப்பதைவிடக் குளிர்.

ஆண்கள் ஆட்டத்தில் ஏழெட்டு நாடுகள் ஒன்றையொன்று கவிழ்க்கும். பெண்கள் ஆட்டத்தில் கனடா, அமெரிக்கா இரண்டுதான். மற்றவர்கள் எத்தனை கோலில் தோற்பது என்பதுதான் கேள்வி. அன்று எதிரே நின்றது கனடாவின் தேசிய அணிகூட இல்லை, சுற்றுலா வந்த ஒரு பல்கலைக்கழக அணி. முதல் அரை மணி நேரம் மற்ற கோல்கீப்பர் நின்றாள். பதினொரு கோல் விட்டாள், இருபதுக்கு மேல் தடுத்தாள்.

பிறகு ஷாமினி இறங்கினாள். அந்த நேரம் பார்த்து கனடாப் பெண்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. கோலை நோக்கி அடிப்பதை நிறுத்தி, தங்களுக்குள்ளேயே பந்தை, அதாவது அந்தக் கறுப்பு வட்டை, தள்ளிக்கொண்டிருந்தார்கள். "நல்ல பிள்ளையள், என்ன தம்பி?" என்றார் அக்கா. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கை தட்டினேன். என்னைப் போல ஒரு மடையன் அந்த அரங்கில் இல்லை.

அரை மணி நேரத்தில் ஷாமினியிடம் வந்தவை மூன்றே அடிகள். மூன்றையும் பிடித்தாள். தேர்வாளர் மற்றவளை எடுத்துக்கொண்டார். ஷாமினி மோசமில்லை, ஆனால் அவளைப் பற்றிச் சொல்லத் தன்னிடம் எதுவும் இல்லை என்றாராம். அவரைத் திட்டவும் வழியில்லை.

போகிறவர்களுக்கு: தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி போடுங்கள், கோலுக்குப் பின்வரிசையில் உட்காருங்கள். திரும்பும் ரயில் 5 மணிக்கு; அதை விட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வலுத்த அணி மெலிந்த அணிக்கு இரக்கம் காட்டுவதைப் பார்த்து மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். பதினொரு கோல் வாங்கியவளையாவது மதித்து அடித்தார்கள்.

திரும்பும் ரயிலில் ஷாமினியும் எங்களோடு வந்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது அவளே கேட்டாள்.

"அண்ணை, அரங்கத்திலை நாப்பது பேர்கூட இல்லை. அவை அடிக்கிறதை நிப்பாட்டேக்கை கை தட்டினது நீங்கள்தானே?"