காரோ என்றால் ஜாஸ்தி

கிரிவலப் பாதையில் என் துணிக்கடைக்கு வரும் ஸ்பெயின்காரர்களைக் கண்டாலே எனக்கு இளப்பம். லட்சம் செலவழித்துப் பறந்து வந்து, ஒரு பருத்தித் துண்டுக்கு "காரோ" என்று முகம் சுளிக்கிற கஞ்சர்கள். விலை அதிகம் என்று அர்த்தமாம். பதிலடி கொடுக்கவே போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அன்று ஒரு ஸ்பெயின்காரி நூற்றைம்பது ரூபாய்த் துண்டை எடுத்தாள். நானூறு என்றேன். அவள் வாய் திறக்குமுன், "நோ காரோ!" என்று இளித்தேன்.

"ஜாஸ்திங்க" என்றாள், தமிழில்.

"அட, தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?"

"இந்த மாதிரி கடைங்கள்லதாங்க. இந்த ஊர்ல எனக்கு மொதல்ல தேவைப்பட்ட வார்த்தை இதுதான்."

துண்டை நான் வைத்திருந்ததைவிட நேர்த்தியாக மடித்து வைத்துவிட்டு அந்த அம்மா போனார். மல்லாந்து படுத்து எச்சில் துப்பியவன் நான்தான்.