மூன்று முறைக்கு ஒரு குண்டு

அந்த லிஃப்ட் மெக்கானிக் புண்ணியத்தில்தான் நகரத்தின் உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளில் பாதி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் குடியிருந்த நான்காவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. அவர் மனைவி தபால்காரியாகத் தெருத்தெருவாய் நடந்தவள். விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கிய பிறகு இரண்டு வருடமாக அந்தப் படிக்கட்டைப் பார்த்ததோடு சரி. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அவரும் அவள் தம்பியும் கெஞ்சிப் பார்த்தார்கள்.

"நான் என்ன அலமாரியா?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் நடந்ததெல்லாம் ஞாயிறு மத்தியான ஆட்டத்தில்தான். ஒரு மேஜை, கொஞ்சம் காகிதம், இரண்டு பகடை, மெக்கானிக்கின் தலைக்குள் ஒரு உலகம். அங்கே என்ன நடக்கிறது என்று அவர் சொல்வார். மனைவி, தம்பி, மாடிவீட்டுத் தையல்காரர் மூவரும் தங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பது பகடையின் பாடு. வாளும் மந்திரமும் உள்ள உலகம். பன்னிரண்டு வருடமாக அவள் அதில் மந்திரக்காரி. ஒரே மூச்சில் மலையைத் தாண்டுவாள்.

பஸ் ஓட்டுகிற தம்பிக்கு வாள் அலுத்துவிட்டது. "எத்தனை நாளைக்கு மாமா இதையே தீட்டிக்கிட்டு இருக்கிறது? வெடிமருந்தைக் கொண்டு வாங்க, துப்பாக்கியைக் கொண்டு வாங்க" என்று மூன்று மாதம் உயிரை வாங்கினான். கடைசியில் மெக்கானிக் இறங்கி வந்தார். சாப்பாட்டு வேளைகளில், வேலையிடத்து மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து விதி எழுதினார். துப்பாக்கியில் மருந்து கெட்டிக்க ஆட்டத்தில் மூன்று முறை, அதாவது மூன்று சுற்று, ஆகும். அதற்குள் எதிரி ஓடி வந்து வெட்டிவிடலாம். மழையில் மருந்து நமுத்துப்போகும். ஆனால் குண்டு பட்டுவிட்டால் ஆள் காலி, எந்த மந்திரமும் தடுக்காது. மந்திரத்தைச் சொல்லி முடிக்கும்வரை குண்டு காத்திருக்குமா? மைத்துனன் முணுமுணுக்கக் கூடாதே என்றுதான் இந்தக் கடைசி வரியைச் சேர்த்தார்.

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. அந்த மேஜையில் பத்து வருடத்துக்கு முன் அவரே போட்ட சட்டம்: நம் கையில் இருக்கும் ஆயுதம் எதிரி கையிலும் இருக்கும்.

அந்த ஞாயிறு மந்திரக்காரி கோட்டைச் சுவரில் நின்றாள். தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "மாமா, அப்படின்னா எதிரிகிட்டயும் துப்பாக்கி இருக்கணுமே?"

தையல்காரர் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். சொல்லியாகிவிட்டது.  மெக்கானிக் வேறு வழியில்லாமல் கீழே ஒரு துப்பாக்கிக்காரனை நிறுத்தினார்.

"மருந்து கெட்டிக்கிறான். சுவருக்குப் பின்னால படிக்கட்டு இருக்கு. இறங்கிடலாம்."

"இறங்கல. இங்கதான் நிக்கிறேன்."

இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை அவர் பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டினார். பத்துக்கு மேல் விழுந்தால் படும். ஐந்தும் ஆறும் விழுந்தன.

இனி ஞாயிற்றுக்கிழமையில்கூட இவள் எங்கே நடப்பாள் என்ற ஒரே நினைப்புதான் அவருக்கு.

"மருந்து... ஈரமா இருக்கு. வெடிக்கல."

"மழை எங்க பெஞ்சுது?"

"காலையில பனி..."

"வெயில்னு நீங்கதான் சொன்னீங்க." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஏங்க, என்னைப் பாவம் பாக்காத இடம் இது ஒண்ணுதான். இதையும் கெடுத்துடாதீங்க."

லிஃப்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரைக் கதவை நெம்பி வெளியே எடுத்தவர் அவர். இங்கே நெம்ப இடமில்லை. சொன்னால் அவளுடைய கால் போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். இரண்டுக்கும் காரணம் அவர் கையால் எழுதிய ஒரு வரி.

"பட்டுருச்சு" என்றார்.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மந்திரக்காரியின் விவரம் எழுதிய பன்னிரண்டு வருடக் காகிதத்தை நான்காக மடித்துப் பக்கத்தில் வைத்தாள். சற்று நேரம் அதன்மேல் கை இருந்தது. பிறகு புதுக் காகிதம் ஒன்றை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

"இது யாரு, அக்கா?" என்றார் தையல்காரர்.

"வெடிமருந்து அரைக்கிறவ. வயசு நாப்பத்தாறு. குறி தப்பாது. நடக்க முடியாது."

"அப்புறம் எப்படிக்கா ஊர் ஊராப் போறது?"

"தூக்கிட்டுப் போங்க. மூணு பேர் சும்மாதானே இருக்கீங்க?"

மெக்கானிக்கின் கண்கள் வாசல் கதவுக்கும், அதற்கப்பால் படிக்கட்டுக்கும் போய்த் திரும்பின. தம்பிதான் மெல்லக் கேட்டான்.

"எவ்வளவு கனம் இருப்பாக்கா அவ?"

அவள் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அலமாரி கனம் இருப்பா."