கழற்றாத டிரம்

ஒரு பெண் ஓட்டிய கார் சுவரில் முட்டி நின்றால், காரைப் பார்ப்பதற்கு முன்பே அவளைத் திட்டிவிடுகிறீர்களே, அந்த அவசரம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?

எங்கள் தெருவில் ஸ்டியரிங் அக்கா என்றால் தெரியாதவர்கள் இல்லை. பஸ் கம்பெனியில் டிக்கெட் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலை போனதும் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். தொண்டை கிழியக் கத்துவார். பிரேக்கை ஓங்கி மிதிப்பவர்களிடம், "என்னம்மா, மாமியார் காலுன்னு நினைச்சியா? மெல்ல மிதி" என்பார். அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் பெடல் உண்டு. அந்தக் காரில்தான் குடும்பம் ஓடியது. அக்காவின் வீட்டுக்காரர் வேலை தேடிக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்தபடியே தேடினார்.

அன்று காலை ஓட்டியவள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். முனைத் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தாள். பெடல் அடிவரை போனது. அக்காவும் தன் பெடலை மிதித்தார்; அதுவும் போனது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்ததால் கார் மதில் சுவரை முட்டி, ஒரு விளக்கு உடைந்ததோடு நின்றது.

"பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கும்" என்றார் முனைக் கடைக்காரர். சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கடையை விட்டே வெளியே வந்திருந்தார். பார்க்காததற்குச் சாட்சி சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

காரைத் தள்ளிக்கொண்டுபோய், வழக்கமாக விடும் பட்டறையில் நிறுத்தினார்கள். செய்தி கேட்டு வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். வரும்போதே ஒரு முடிவோடு வந்தார்.

"அப்பவே சொன்னேன், இந்தக் காருக்கு ராசியே இல்லன்னு. வித்துத் தொலைச்சிடலாம். சாயங்காலம் ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"பிரேக் பிடிக்காத காரை இன்னொருத்தர் தலையில கட்டுவீங்களா?" என்றார் அக்கா.

"அவர் ராசிக்கு ஒத்துப்போகலாம்ல?"

ஆளின் ராசி பார்த்துப் பிடிக்கும் பிரேக்கை எந்தத் தொழிற்சாலையில் செய்கிறார்களோ! கார் போனால் அக்காவின் பிழைப்பும் போகும் என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பிரேக் ஆயில் ஊத்திட்டேன், ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிட்டேன். பெடல் மேல வந்துடுச்சு. பாவம், அந்தப் பொண்ணு பதறிடுச்சு போல."

நர்ஸ் தலை குனிந்தாள். அக்கா குனியவில்லை.

"போன தடவையும் ஆயில் ஊத்துனீங்க. அதுக்கு முந்தின தடவையும் ஊத்துனீங்க. ஊத்துனதெல்லாம் எங்கண்ணே போகுது?"

"ஓடுற வண்டியில கொஞ்சம் குறையத்தாம்மா செய்யும்."

"ஏன், ராத்திரியில எந்திரிச்சுக் குடிக்குதா?"

"பழைய வண்டிம்மா..."

"பின்சக்கரத்து டிரம்மைக் கழட்டுங்க."

"அது துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கும்மா. சும்மா கிடக்கிறதை எதுக்கு நோண்டணும்?"

குட்டு வெளிப்பட்டது. பின் பிரேக்கை மூடியிருக்கும் அந்த டிரம்மை இந்த மனிதர் ஒருநாளும் திறந்ததே இல்லை! பெடல் இறங்கினால் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குவது, ஆயில் ஊற்றுவது: இதுதான் அவருடைய மொத்த வைத்தியம். அளவுக்கு மீறி இறுக்கிய கேபிள், உள்ளே டிரம்மை உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூக்களை எப்போதும் கொஞ்சம் விரித்தே வைத்திருக்கும். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு வேலை செய்ய முடியாது. சில நாள் பெடல் உயர்ந்து ஏமாற்றும். ஷூ உரசி உரசி டிரம் கொதிக்கும், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வேகும், பெடல் மறுபடி இறங்கும். உடனே இன்னும் ஒரு சுற்று இறுக்குவார். நோயையே மருந்தாகக் கொடுத்தவருக்குப் பெயர் மெக்கானிக்.

அக்கா பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "கழட்டுற வரைக்கும் நான் எந்திரிக்கிறதா இல்ல."

"மானத்தை வாங்காதே, எந்திரி" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னிக்கு உயிரே போகப் பார்த்துச்சு. உங்களுக்கு மானமா?"

வேறு வழியில்லாமல் பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, கேபிளைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். கடைசியில் அது அவர் கையோடு வந்தது. உள்ளே ஷூக்கள் ஆயிலில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. அவற்றைத் தள்ளிவிடும் சின்ன சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது. ஊற்றிய ஆயில் போன இடம் அதுதான்.

பட்டறைக்காரர் துணியை எடுத்து ஷூவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஊறிப்போனதைத் துடைச்சு என்னண்ணே பண்றது? ரெண்டு பக்கமும் புதுசு போடுங்க. சிலிண்டரையும் மாத்துங்க."

"நானும் பிரேக்காத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ராசின்னீங்களே? இதோ அண்ணன் அதைத்தான் துணியால துடைச்சிட்டிருக்கார், கிட்ட வந்து பாருங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சாயங்காலம் வாங்க வந்தவரை அக்காவே எதிர்கொண்டார். "விக்கலைங்க. பிரேக்கைத்தான் மாத்தறோம்" என்று அனுப்பிவைத்தார்.

வேலை முடிந்ததும் அதே நர்ஸ், அதே திருப்பத்தில், அதே பெடலை மிதித்தாள். கார் நின்றது. கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அந்த ஆக்சிலேட்டர் கதையை இன்றுவரை விடவில்லை. அவரைத் திருத்த எனக்குப் பொறுமை கிடையாது.

உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் பழைய காரில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், ஊற்றி நிரப்பி அனுப்பப் பார்க்கும் கையைத் தடுத்து நிறுத்துங்கள். இரண்டு பின் டிரம்களையும் உங்கள் கண்ணெதிரே கழற்றச் சொல்லுங்கள். கழற்றிக் காட்டாதவரை வண்டியை எடுக்காதீர்கள்.