பிறர் மெத்தையில் ஊர் சுற்றியவர்கள்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குப் போலீஸ் என்று பெயர். வார்டுகளிலிருந்து வரும் துணி மூட்டையை மெஷினில் போடுமுன் பிரித்து, ஒவ்வொரு போர்வையையும் உதறிப் பார்த்துவிடுவாள். ஊசி கிடைக்கும், கத்தரிக்கோல் கிடைக்கும், ஒரு தடவை யாருடைய பல்செட்டோ இளித்துக்கொண்டு வெளியே வந்தது. உதறாமல் போட்ட ஒருத்தி, கையில் ஊசி ஏறி, மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தாள். அதனால் சந்தேகப்படுவதுதான் போலீசுக்குத் தொழில். வீட்டுக்கு வந்தாலும் அது விடவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு டிவிக்காரப் பெண் போன் செய்தாள். சின்ன வயதில் குடும்பத்தோடு ரோட்டு வழியாகப் போன பயணங்களைப் பற்றி நிகழ்ச்சி எடுக்கிறார்களாம். எல்லா மாதிரிக் குடும்பங்களும் வேண்டுமாம்.

"எல்லா மாதிரின்னா, நாங்க எந்த மாதிரி?" என்றாள் போலீஸ்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. அப்பா வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டினாராமே, பிள்ளைகளும் பின்னாலேயே போவீர்களாமே என்று இழுத்தது. இது வெளியே சொல்லாத விஷயம்.

சாமான் கட்டிக் கொடுக்க அப்பாவோடு போகும் அம்மா, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தனியே விட முடியாமல் அவளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறிவிடுவாள். வீடு மாறுகிறவர்களின் சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் மெத்தையில் படுத்து, ஊர் ஊராகப் போனார்கள். எந்த இழுப்பறையையும் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒரு தடவை தம்பி வெயில் தாங்காமல், கதவில்லாத மர பீரோ ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்த போர்வைக்குள் நுழைந்து தூங்கிவிட்டான். சுமை ஆட்கள் கனத்தைத் திட்டிக்கொண்டே அதை மாடியேற்றினார்கள். வீட்டுக்காரம்மா போர்வையை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டான். லாரி அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டது.

பதறித் திரும்பி வந்தபோதுதான் வீட்டுக்காரருக்கு இவர்கள் தன் மெத்தையில் படுத்து வந்ததும் தெரிந்தது. கண்டவர்கள் படுத்த மெத்தையா என்று அதைத் தெருவில் போடச் சொன்னார். தெருவே பார்க்க அம்மா குச்சியால் அதை அடித்துத் தூசி எடுத்தாள். போலீசுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது ஊரே உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கவா?

உளறியது தம்பிதான் என்று முடிவுகட்டி அவனைக் கூப்பிட்டாள். "இன்னும் என்னைப் பீரோன்னுதான் கூப்பிடுறீங்க. அதை டிவில வேற சொல்லணுமாக்கா?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணைக் கேட்டாள். அவள் அடுப்பைத் துடைக்கப் போனாள். துடைத்த அடுப்பையே துடைத்ததால் சந்தேகம் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை அந்த டிவிக்காரப் பெண் நேரிலேயே வந்துவிட்டாள். போலீஸ் அவளை வாசலில் நிறுத்தி, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அவள் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்தாள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது, அவரைக் காட்டி இரக்கம் சம்பாதிக்கிற வேலை இங்கே நடக்காது என்று கறாராகச் சொன்னாள்.

உள்ளேயிருந்து சக்கர நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ண ஏன்டி வாசல்லயே நிக்க வச்சிருக்க? நான்தான் வரச் சொன்னேன்."

டிவியில் அறிவிப்பு வந்ததும், பார்த்துக்கொள்கிற பெண்ணின் போனில் அம்மாவே பேசி, மகள் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். போலீஸ் அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா? அன்னிக்கு மெத்தைய அடிச்சது மறந்துபோச்சா?"

"அடிச்சதே நான்தானே. தூசியும் நெறைய இருந்துச்சு." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "இதுல சேந்தா அந்தப் பழைய ரோட்டுல வண்டில கூட்டிட்டுப் போவாங்களாம். நீ என்னை ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கடி கூட்டிட்டுப் போற?"

போலீஸ் இத்தனை நாளும் அம்மா கீழே விழாமல், புண் வராமல், சளி பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ரோட்டைப் பார்த்தே வெகு காலமாகிவிட்டது என்பது அவள் கணக்கில் வரவில்லை.

வண்டி எங்கே என்று கேட்டாள். தெருவில் நின்றது. படியின் உயரத்தைப் பார்த்தாள். வழியில் சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்றாள். டிவிக்காரப் பெண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வா என்றாள். பிறகு ஏறி அம்மா உட்காரப்போகும் இடத்தில் உட்கார்ந்து, வலது கையைத் துவள விட்டுக்கொண்டு, டிரைவரை வேகமாக ஓட்டிச் சட்டென்று பிரேக் போடச் சொன்னாள். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து போய் ஜன்னலில் முட்டியது.

"இந்தப் பக்கம் தலையணை வேணும். அம்மாவைத் தூக்கி வைக்கிறது நான்தான், உங்க ஆளுங்க யாரும் தொடக் கூடாது. அழுங்கன்னு எவனாவது சொன்னா அங்கயே இறங்கிடுவோம்."

"அப்போ சம்மதமாக்கா?"

"தலையணை வச்ச பிறகு இன்னொரு தடவை பிரேக் போடச் சொல்லு. பார்த்துட்டுச் சொல்றேன்."